சேர்விடாப்பில் இருக்கும் பெயர்கள்

பெரியோர்களே, ஆசிரியர்களே, என்னோடு படித்தவர்களே, வணக்கம்.

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மண்டபத்தை இடித்துவிட்டு மாடிக்கட்டடம் கட்டலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகளுக்கு வகுப்பறை போதவில்லை, உண்மைதான். மாடி வரட்டும். திடலுக்கு மேல்பக்கம் இடம் கிடக்கிறது. மண்டபத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

1884இல் நம் இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்கு ரயில் வந்தது, தேயிலையை ஏற்றிக்கொண்டு போக. நம் வாசலில் மணியாகத் தொங்கியதும் ஒரு தண்டவாளத் துண்டுதான். 1907இல் வந்த சட்டம், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு கொடுப்பது தோட்டத்தை நடத்தும் துரையின் கடமை என்றது. சரி, கிடைத்தது என்ன? பல தோட்டங்களில் ஒரு அறை, ஒரு வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் மலை இறங்கி இங்கேதான் வரவேண்டும்.

அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போதே நாங்களும் கிளம்புவோம். வாசலில் மூன்றாவது கருங்கல் படி நடுவில் குழிந்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். மழை விட்ட பிறகும் அதில் ஒரு கை தண்ணீர் நிற்கும். செருப்பில்லாத கால்கள் ஏறி இறங்கித் தேய்த்த குழி அது.

லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் நாம் இருந்த அறை, நமக்குச் சொந்தமில்லை. 1948இல் கொண்டுவந்த சட்டத்தால் பிரஜாவுரிமையும் இல்லாமல் போனது. அந்த வருடத்துச் சேர்விடாப்பை, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவேட்டை, நான் புரட்டிப் பார்த்தேன். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், எல்லாம் நீல மையில், வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்தில். நாடு கணக்கில் எடுக்காத பிள்ளைகளை இந்த மண்டபம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. எங்கள் தாத்தா பெயரும் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே மனம் வரவில்லை.

கட்டடம் இடியும் நிலையில் இல்லை. சுண்ணாம்புச் சுவரின் மேல் பின்னாளில் சீமெந்து பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவர் உதிர்கிறது. சீமெந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசவேண்டும். அதற்கும் முன்னால் கூரை ஒழுக்கு, மே மாத மழைக்குள்.

இடாப்பு வெளியே மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயரைத் தேடிப் பாருங்கள். நனைந்து எழுத்து அழிந்த இடங்களும் உண்டு. யாருடைய பெயர் என்று தெரிந்தவர்கள் சொன்னால், தனித் தாளில் எழுதி அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைப்போம்.