ஒரே தலை, இரண்டு விலை! எல்லையில் ஹெல்மெட் கணக்கு

வணக்கம் மக்களே!

கேரளத்தில் இருக்கும் நம்ம கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கு பைக்கில் கிளம்புகிறீர்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், போலீஸிடம் சிக்கினால் ஃபைன் 500 ரூபாய். எல்லை தாண்டி தமிழ்நாட்டின் கே.ஜி.சாவடிப் பக்கம் சிக்கினால் 1,000. அதே வண்டி, அதே தலை!

அப்போ தமிழ்நாடுதான் கறார் என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது போனைக் காதில் வையுங்கள். (வைக்காதீர்கள், பேச்சுக்குச் சொன்னேன்.) தமிழ்நாட்டில் முதல் தடவை 1,000. கேரளத்தில் 2,000! ஹெல்மெட்டுக்குத் தமிழ்நாட்டில் இரட்டிப்பு, போனுக்குக் கேரளத்தில் இரட்டிப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்கிற மகராசன் கேரளத்தில் 2,500 கட்டுவார், தமிழ்நாட்டில் 2,000. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினால் ஐந்நூறு மிச்சம் என்று யாராவது கணக்குப் போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சட்டம் ஒன்றுதான், 1988 மோட்டார் வாகனச் சட்டம். 2019-ல் திருத்தி அபராதத்தை ஏற்றினார்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் தொகை எவ்வளவு என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். கேரளம் அந்த ஆண்டே சிலதைக் குறைத்தது, தமிழ்நாடு 2022 அக்டோபரில் ஏற்றியது. பாடம் முடிந்தது.

தொகையை விடுங்கள், மாட்டுவோமா மாட்டோமா என்பதுதானே நம் கவலை? கேரளத்தில் 726 கேமராக்கள், 2023 ஜூன் 5-லிருந்து ஃபைன் போடுகின்றன. கேமரா டீ குடிக்கப் போகாது, 'நம்ம பையன்தான் சார்' என்றாலும் கேட்காது. நோட்டீஸ் போவது வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. என் வண்டி அம்மா பேரில். மேற்கொண்டு கேட்காதீர்கள்.

ஆனால் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும். முழங்கையில் தொங்கும் ஹெல்மெட் கேமரா வரும்போது தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். போலீஸ் செக்கிங்கும் அப்படித்தான். எதிரே வருகிற வண்டி லைட்டைச் சிமிட்டிச் சொல்லிவிடும். அரை மணி நேரத்தில் டீக்கடைக்கே தெரியும், எல்லாரும் தென்னந்தோப்பு வழியில் திரும்பிவிடுவார்கள்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி. ரோந்து கூடினால் குற்றம் குறையுமா என்று 1972-லிருந்து 73 வரை போலீஸ் ஒரு சோதனை செய்தது. 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்தே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். ஐந்தில் பழையபடி. மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. குற்றம் எங்கே குறைந்தது? எங்கேயும் பெரிய வித்தியாசமில்லை! ஊர் மக்களுக்கு ரோந்து கூடியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை.

அப்போ ரோந்தே வீணா? அங்கேதான் இன்னொரு அமெரிக்க நகரமான மினியாபொலிஸ் வருகிறது. கிறிஸ்டோபர் கோப்பர் என்ற ஆய்வாளர் 1995-ல் வேறு கேள்வி கேட்டார்: கலாட்டா நடக்கும் தெருமுனையில் போலீஸ் நின்றுவிட்டுப் போன பிறகு அந்த முனை எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது? வந்த வேகத்தில் போய்விட்டால் பிரயோசனம் குறைவு. கால் மணி நேரம் வரை நிற்க நிற்க, போன பிறகும் அமைதி கூடுதலாக நீடிக்கிறது. அதற்கு மேல் நிற்பதில் லாபமில்லை. அதாவது வா, கால் மணி நேரம் நில், கிளம்பு, சொல்லாமல் வேறு முனைக்குப் போ. வெயிலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் இது நல்ல செய்திதானே!

அவர் பார்த்தது தெருமுனைக் கலாட்டாவை, ஹெல்மெட்டை இல்லை. இருந்தாலும் நம் ரோட்டில் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கட்சி. ஒரு வளைவில் காலை எட்டு மணிக்கு நிற்கிறவர்களைப் பதினொரு மணிக்கும் அதே வளைவில் பார்த்திருக்கிறேன். அதற்குள் தோப்பு வழியில் டிராஃபிக் ஜாம்.

நீங்கள் எல்லை தாண்டுவது எந்தப் பக்கம், வாளையாரா, கோபாலபுரமா, கோவிந்தாபுரமா? உங்கள் ஊரில் எந்த வளைவு என்று கமெண்டில் போடுங்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.