முற்றத்தில் கிடந்த நான்கு எஞ்சின்கள்

நேயர்களுக்கு வணக்கம். இராணுவ ஆட்சியின் கீழ் மனிதர்கள் கொல்லப்படும்போதும் காணாமலாக்கப்படும்போதும் வெளியுலகம் என்ன செய்கிறது என்பது பற்றிப் பேச அழைக்கப்பட்டிருக்கிறேன். ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால், எந்திரங்களின் காவல் தெய்வமான ரோதை முனிக்குப் பூசை வைத்த பிறகே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலையைத் தொடங்கிய ஒருவரின் மகனான எனக்கு, எஞ்சின்களிலிருந்துதான் பேச்சு வருகிறது.

1973 செப்டெம்பர் 11 அன்று சிலியின் விமானப்படை, பிரித்தானியத் தயாரிப்பான ஹோக்கர் ஹண்டர் விமானங்களால் தன் நாட்டு ஜனாதிபதி மாளிகையின் மீதே குண்டு வீசியது. ஜெனரல் பினோசே ஆட்சியைப் பிடித்தார். அவ்விமானங்களின் எஞ்சின்கள் பழுதுபார்ப்புக்காக ஸ்கொட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடிலிருந்த ரோல்ஸ் ரொய்ஸ் தொழிற்சாலைக்கு வந்தன. 1974இல் பொப் ஃபுல்டன் என்ற பரிசோதகர், சிலியின் எஞ்சினில் கைவைக்க மாட்டேன் என்று மறுத்தார்; சக தொழிலாளரும் அவருடன் நின்றனர்.

ஸ்கொட்லாந்து நமக்கு அந்நியமன்று. 1867இல் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அங்கிருந்து வந்தவரே. நம் பாட்டன்மார் கைகட்டி நின்ற துரைமாரில் பலரும் அந்நாட்டவரே. அங்கும் சம்பளத்துக்குக் கைகட்டி நின்றவர்கள் உண்டு என்பதை இந்தக் கதையால்தான் நான் உணர்ந்தேன்.

நான்கு எஞ்சின்கள், நான்கே நான்கு. பெட்டிகளோடு முற்றத்தில் விடப்பட்டு, மழையில் துருப்பிடித்துக் கிடந்தன. கொழுந்தை உருட்டும் ரோலர் ஒரு நாள் நின்றால் வாடிய கொழுந்து என்னாகும் என்றறிந்த உங்களுக்கு, நான்கு ஆண்டு மறுப்பின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 1978இல் ஓரிரவு அவை லொறிகளில் கொண்டுபோகப்பட்டன. தாம் செய்ததால் பயன் விளைந்ததா என்று அறியாமலே முதுமையடைந்த அத்தொழிலாளரில் மூவருக்கு, 2015இல் சிலி அரசு உயர் விருது வழங்கியது.

அரசுகளோ? ஐ.நா. பொதுச்சபை 1974 முதல் கண்டனத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பிரித்தானியா புதிய ஆயுத விற்பனையை நிறுத்தியபோதும், முன்னரே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைக் கைவிடவில்லை. ஒரு கை கண்டித்தது, மறு கை கொடுத்தது. அதனால்தான் திரும்பத் திரும்ப அந்த நான்கு எஞ்சின்களிடமே வருகிறேன்.

அதேபோல் இராணுவ ஆட்சியின் கீழிருந்த ஆர்ஜென்டினாவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1979இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு அங்கு சென்றபோது, இராணுவம் பார்த்திருக்கவே மக்கள் வரிசையில் நின்று காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்தனர். ஆனால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பினோசேக்கு என்னாயிற்று என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பினோசே 1998 ஒக்டோபரில், ஸ்பானிய நீதிபதி ஒருவரின் பிடியாணையின் பேரில் லண்டனில் கைதானார். 2000 மார்ச்சில் உடல்நலம் குன்றியவரென்று விடுவிக்கப்பட்டார். சந்தியாகோ விமான நிலையத்தில் இறங்கியதும், சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்தார். நன்றி, வணக்கம்.