காயப்பட்ட புறாவுக்கு முதலில் வேண்டியது இருட்டு

அவையில் இருக்கும் ஆசிரியர்மார், அம்மாமார், ஐயாமார், பின்னால் நிற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் திருகோணமலையில் புறா இல்லாத தெரு கிடையாது. நிலாவெளிக் கடலில் ஒரு தீவுக்கே புறாத்தீவு என்று பெயர். 2003இல் அது தேசியப் பூங்காவானது. அந்தத் தீவின் பாறைகளில் கூடு வைக்கும் மாடப்புறாவும் நம் கடைவாசலில் சிந்திய அரிசி பொறுக்கும் புறாவும் ஒரே இனம்தான். அங்கே படகுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறோம். இங்கே அது நொண்டிக்கொண்டு போனால் யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த நொண்டும் புறாவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அது ஏன் நொண்டுகிறது? குனிந்து காலைப் பாருங்கள். பெரும்பாலும் நூல் சுற்றியிருக்கும். தையல் கடை நூல், தலைமுடி, பட்டம் விட்ட நூல் எல்லாம்தான். ஆனால் நம்முடையது மீன்பிடி ஊர், அதனால் இங்கே மீன்பிடி நைலோன் நூலான தங்கூசியும் சேர்ந்துகொள்கிறது. நடந்து இரை தேடும் பறவை என்பதால் புறாவின் காலில் இது சுலபமாக மாட்டிக்கொள்ளும். நடக்க நடக்க நூல் இறுகும். இரத்தம் போகாமல் விரல் வீங்கி, கறுத்து, ஒருநாள் கழன்று விழுந்துவிடும்.

நூலை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெல்லிய துவாயால் புறாவை மூடி, இரண்டு செட்டையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி ஏந்திக்கொள்ள வேண்டும். நெஞ்சை மட்டும் அமுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு வரும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். மற்றவர் அதன் காலை இளஞ்சூட்டு நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் காய்ந்த எச்சமும் அழுக்கும் இளகி, நூல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவரும். அப்புறம் மழுங்கிய ஊசியால் நூலைச் சற்றுத் தூக்கி, சின்னக் கத்தரியால் பல இடங்களில் வெட்ட வேண்டும். ஒருபோதும் இழுக்காதீர்கள், இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். நூலை மூடிச் சதை வளர்ந்திருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை கிடையாது, மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஒன்றிரண்டு விரல் போன புறாவும் நன்றாகவே வாழும், கூடு வைக்கும், குஞ்சு பொரிக்கும்.

இது நூலின் கதை. மோட்டார் சைக்கிளில் அடிபட்டது, கண்ணாடியில் மோதியது, பூனை கவ்வியது என்று வருவதெல்லாம் வேறு. இங்கேதான் நம் நல்ல மனசே பறவைக்கு எமனாகிவிடுகிறது. கண்டவுடன் ஓடிப்போய்த் தூக்குகிறோம், அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறோம், பாலில் நனைத்த பாண் கொடுக்கிறோம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்க அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே உள்ளே போய்விடும். பாலைச் செரிக்க அதன் வயிற்றால் முடியாது.

அடிபட்ட பறவைக்கு முதலில் வேண்டியது இருட்டும் அமைதியும் சூடும். ஒரு மட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் துணி விரித்து, பறவையை வைத்து மூடிவிடுங்கள். அதன் உடற்சூடு நம்மைவிட அதிகம், 40 பாகையைத் தாண்டும். அதிர்ச்சியில் அது இறங்கிவிடும். ஒரு போத்தலில் சூடான நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும், சூடு கூடினால் பறவை மற்றப் பக்கம் நகர்ந்துகொள்ளும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் வெயிலில் சுருண்டு கிடந்ததற்கு இந்தப் போத்தல் வேண்டாம், நிழல் போதும். பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதுதான் ஆகக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தடவிக் கொடுத்தால் அது ஆறுதல் அடையாது. நாம் அதற்குப் பெரிய விலங்கு, நம் கை பட்டால் அதற்குப் பயம்தான் கூடும்.

சற்றுத் தெளிந்து, தலையை நேராகப் பிடிக்கிறது என்றால் ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீரை முன்னால் வையுங்கள். கோழி போல அண்ணாந்து விழுங்காமல், புறா அலகை அமிழ்த்தியபடியே உறிஞ்சிக் குடிக்கும். ஒரு சொட்டு இரத்தம் தெரியாவிட்டாலும், பூனை வாய்ப்பட்டதை அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

குஞ்சுகள் பற்றியும் சொல்ல வேண்டும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கூடுகள் விழும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள், அது சரியில்லை. இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால் ஒரு சின்னக் கடகத்தை அதே கிளையில் கட்டி அதில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்தி நிற்கும் புலுனிக் குஞ்சும் மைனாக் குஞ்சும் பறக்கப் பழகுகின்றன. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் வீட்டுக்குள் பிடித்து வையுங்கள்.

புறாக் குஞ்சு இவற்றிலிருந்து வேறானது. அது வாயைப் பிளந்து காத்திருக்காது, தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உண்ணும். தாய்க்கு மட்டுமில்லை, தகப்பனுக்கும் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையில் ஒருவகைப் பால் சுரக்கும். முதல் நாட்களில் அதுதான் உணவு. அந்த வயதுக் குஞ்சை வளர்ப்பது அனுபவப்பட்டவருக்கே கடினம். கொஞ்சம் வளர்ந்ததற்கு ஊறவைத்த பயறும் பட்டாணியும் ஒத்துவரும். இரைப்பையைத் தொட்டுப் பார்த்து, முன்பு கொடுத்தது இறங்கிய பிறகுதான் அடுத்தது.

சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அதில் என்னைத் தொடுவது, பருந்தின் பசியையும் அவர் நியாயமென்று ஏற்றுக்கொண்டதுதான். வல்லூறு பிடித்த புறாவைக் கல்லெறிந்து பறிக்காதீர்கள், அதன் குஞ்சுகளுக்கும் இரை வேண்டும். தங்கூசியும் கண்ணாடியும் வண்டிச் சக்கரமும் நம்மால் வந்தவை. அங்கே நாம் கைகொடுக்கத்தான் வேண்டும்.

கைகொடுத்தும் எல்லாம் பிழைக்காது. செட்டை மூட்டிலேயே எலும்பு நொறுங்கினால் மறுபடி பறப்பது மிகக் கடினம். இரவு முழுக்கப் பார்த்த பறவை விடியும்போது விறைத்துக் கிடப்பதைப் பார்க்க மனசு வேண்டும். அதற்குத் தயார் என்றால் மட்டும் இந்த வேலைக்கு வாருங்கள். தேறிய பறவை கூண்டில் நிற்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே, காலை வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் விடுங்கள். அதன் சோடி அங்கேதான் இருக்கும். காட்டுப் பறவைகள் பலவற்றைப் பிடித்து அடைத்து வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. ஆந்தை, பருந்து, ஐப்பசிக்குப் பிறகு களைத்து வந்து சுவரில் மோதும் ஆறுமணிக்குருவி போன்றவற்றுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

கரையோரம் இருந்து வந்திருக்கும் அண்ணாமாரிடம் ஒரு வேண்டுகோள். அறுந்த தங்கூசியை மணலில் எறியாமல், சாண் அளவுகூட இல்லாமல் துண்டு துண்டாக வெட்டி ஒரு போத்தலில் போட்டு மூடிவிடுங்கள்.

இந்த மேசையில் துவாயும் மட்டைப் பெட்டியும் வைத்திருக்கிறேன். பிடிக்கும் முறையைப் பழக விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள், ஒவ்வொருவருக்கும் காட்டித் தருகிறேன். பறவையையோ கூண்டையோ தொட்டால் அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், எச்சத்தைக் கூட்டும்போது முகக்கவசம் போட வேண்டும். மூச்சு இழுப்பு உள்ள பிள்ளைகள் அந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.