வந்தியத்தேவனுக்குச் செல்போன் கொடுத்தால்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இருக்கும் இளைஞர்கள், பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து எழுதிய ஃபேன் ஃபிக்‌ஷன் கதைகளை ஒரு கட்டாகக் கொடுத்து, படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்றார்கள். படித்தேன். பாதிக்கு மேல் ஒரே ஆசைதான்: கல்கியின் சோழர் கால நாவலான பொன்னியின் செல்வனில் வரும் ஆட்களை இன்றைய சென்னைக்குக் கூட்டிவர வேண்டும். நல்ல ஆசை. ஆனால் வந்தவர்கள் பேருந்து நிலையத்திலேயே தொலைந்துபோகிறார்கள். அது ஏன் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். "கல்கியின் பாத்திரங்களை நீங்கள் எப்படித் தொடலாம்" என்று கோபப்படும் பெரியவர்கள் உண்டு. இங்கேயும் இரண்டு பேர் முகத்தில் பார்க்கிறேன். தஞ்சைக் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு, குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துப் பறிமுதலைச் சொல்கிறது. இப்படிச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு, 1950 முதல் 1954 வரை வாரா வாரம் ஐந்து பாகம் எழுதினார் கல்கி. கல்வெட்டு வரியிலிருந்து அவர் வந்தியத்தேவனை எழுப்பிக் குதிரையில் ஏற்றலாம் என்றால், நீங்கள் அவனைப் புல்லட்டில் ஏற்றலாம். சட்டப்படியும் தடை இல்லை, அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. சரி, அது முடிந்தது.

புல்லட்டில் ஏற்றிவிட்டு அப்புறம் என்ன செய்கிறீர்கள்? அதில்தான் எனக்கு வருத்தம். குதிரைக்குப் பதில் புல்லட், ஓலைக்குப் பதில் வாட்ஸ்அப், கடம்பூர் மாளிகைக்குப் பதில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களா. கூடவே அவன் மெட்ரோ ரயிலில் செந்தமிழ் பேசுவான், பக்கத்துச் சீட்டுக்காரர் முழிப்பார். இந்தச் சிரிப்பு இரண்டு பக்கம் தாங்கும். மூன்றாம் பக்கத்தில் வாசகன் கொட்டாவி விடுகிறான்.

ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் முழுக்க அந்த ஓலையில்தான் தொங்குகிறது. காஞ்சியிலிருந்து கரிகாலன் கொடுத்ததை வந்தியத்தேவன் உடம்போடு சுமந்துகொண்டு போக வேண்டும். வழியில் பிடிபடலாம், பறிகொடுக்கலாம், யாராவது பிரித்துப் படிக்கலாம். அதனால்தான் அவன் பொய் சொல்கிறான், சுவர் ஏறுகிறான். மன்னர் சுந்தர சோழரிடம் "அபாயம்" என்று சொன்னது காதில் விழுந்து கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் மடக்கும்போது, "அபயம் என்றல்லவா சொன்னேன்" என்று கண்ணிமைக்காமல் புளுகுகிறான். அந்த ஓலையை வாட்ஸ்அப் ஆக்கினால் கரிகாலன் காஞ்சியில் உட்கார்ந்தபடியே தட்டிவிடுவான், தங்கைக்கு நீல டிக் விழும், கதை முடிந்தது. வந்தியத்தேவனுக்கு வேலையே இல்லை! ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: இன்றைக்கும் போனில் அனுப்ப முடியாதது எது? எதை ஒரு நம்பிக்கையான ஆள் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள்? கையெழுத்துப் போட்ட அசல் பத்திரமா, கணக்கில் வராத பணமா, எழுத்தில் வரவே கூடாத ஒரு பேச்சா? இதற்கு விடை கிடைத்த பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.

இதை மிக நன்றாகச் செய்தவர்கள் ஷெர்லாக் ஹோம்ஸை 2010இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த பிபிசிக்காரர்கள். 1887இல் வந்த முதல் நாவலில் டாக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டு லண்டன் திரும்புகிறவர். நூற்றிருபது வருஷம் கழித்தும் அதே நாட்டில் இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தது, அந்த வரியை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. இன்னொன்று பாருங்கள். பழைய கதை ஒன்றில் வாட்சனின் பாக்கெட் கடிகாரத்தை ஹோம்ஸ் வாங்கிப் பார்ப்பார். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றிக் கீறல்கள். கை நடுங்க நடுங்கச் சாவி போட்டிருக்கிறார், ஆக முந்தைய சொந்தக்காரர் குடிகாரர் என்பார். தொலைக்காட்சியில் கடிகாரம் செல்போன் ஆனது, கீறல் சார்ஜர் சொருகும் இடத்துக்கு வந்தது. பொருள் மாறியது, குடித்த கையின் நடுக்கம் மாறவில்லை.

இனி குந்தவை. உங்களில் நாலு பேர் அவரைக் கம்பெனி முதலாளி ஆக்கியிருக்கிறீர்கள். கண்ணாடி அறை, கறுப்பு கோட்டு, ஆங்கிலத்தில் அதட்டல். மரியாதையாகத்தான் செய்திருக்கிறீர்கள், ஆனால் இளையபிராட்டியின் பலத்தையே எடுத்துவிட்டீர்கள். அவருக்குப் பதவி கிடையாது. பழையாறையில் உட்கார்ந்திருக்கும் அரசகுமாரி, அவ்வளவுதான். அண்ணன் பட்டத்து இளவரசன், கஜானா பெரிய பழுவேட்டரையர் கையில், மந்திரி அநிருத்தர். ஆனாலும் எல்லோரும் அவர் என்ன நினைக்கிறார் என்று பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கிறார்கள். கட்சிக் குடும்பங்களில் இப்படி ஒரு மூத்த பெண் இருப்பார், மேடையில் நாற்காலி இருக்காது, வேட்பாளர் பட்டியல் மட்டும் அவர் பார்வைக்குப் போய்விட்டு வரும். அந்தப் பெண்ணை எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி விஷயத்தில் யாருமே யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. அவள் யார் பெற்ற பிள்ளை என்பதுதான் ஐந்து பாகமும் இழுக்கும் கயிறு. இன்றைக்கு ஒரு டிஎன்ஏ பரிசோதனையில் அவிழ்ந்துவிடும். அந்தப் பரிசோதனைக்கு அவளே ஏன் சம்மதிக்க மாட்டாள் என்று எழுதுங்கள், புது நந்தினி கிடைப்பாள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையில் ஆழ்வார்க்கடியான் யூடியூபில் மத விவாதச் சேனல் நடத்துகிறான். படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது. மூலத்திலும் தடியைச் சுழற்றி வைணவச் சண்டை போடுவது வெளிவேஷம், உள்ளே அவன் அநிருத்தரின் ஒற்றன். ஊர் ஊராகப் போய்ச் சத்தம் போடுகிறவனை யாரும் ஒற்றன் என்று சந்தேகப்பட மாட்டார்கள். எழுதியவர் தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று கேட்க மாட்டேன். அமைந்திருக்கிறது.

ஆனால் அதே கதையில் பூங்குழலி ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறாள். அய்யோ! கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோன பெண் அவள். அந்தக் கடலில் 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும், படகு போய்விடும், ஆள் சிறையில் இருப்பான். கரையில் ஒரு குடும்பம் கடனோடு காத்திருக்கும். பூங்குழலி இன்று தனியாக ஒருவனை ஏற்றிக்கொண்டு இரவில் துடுப்புப் போட்டால் அது எவ்வளவு பெரிய காரியம்! கதை கடலோரம் தயாராகக் கிடக்கிறது, நீங்கள் அவளுக்கு ரப்பர் உடை மாட்டி நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டீர்கள்.

புதுமைப்பித்தன் 1940களிலேயே 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சென்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய கடவுள் டிராம் வண்டியைப் பார்த்து வாய் பிளந்து நிற்பதோடு கதை நின்றுவிடவில்லை. கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பி குடிக்கக் கூட்டிப்போகிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். வரம் கொடுக்க வந்தவர் இந்த ஊரில் பிழைக்க வழி தேட வேண்டியதாகிறது. அங்கே ஊர் அவரைச் சோதிக்கிறது. உங்கள் கதைகளில் சென்னை யாரையுமே சோதிக்கவில்லை. வாடகை கேட்கக்கூட ஆள் இல்லை.

நேரம் ஆகிவிட்டது, கடைசியாக ஒன்று. இத்தனை கதைகளில் ஒருவர்கூட ஐந்தாம் பாகத்தைத் தொடவில்லை. குந்தவையின் தம்பி அருள்மொழிவர்மனைக் கட்சித் தலைவரின் இளைய மகன் ஆக்கியவர்கள் இருக்கிறார்கள், தேர்தலில் ஜெயிக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மக்கள் எல்லோரும் அவன் பக்கம் நிற்கும்போது, கைக்கு வந்த கிரீடத்தை எடுத்துச் சித்தப்பா தலையில் வைத்தானே, அந்த இடம்? இன்றைய தமிழ்நாட்டில் ஒருவன் முதலமைச்சர் நாற்காலியை அப்படிக் கொடுக்கிறான் என்று வாசகன் நம்பும்படி எழுத முடியுமா? எனக்குத் தெரிந்து இதைவிடக் கஷ்டமான வேலை இதில் இல்லை. யாராவது எழுதினால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், கூப்பிடாமலே வருகிறேன்.