அளந்து ஓடுவோம், இருவரும் சோதிப்போம்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை ஏற்றிருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, தடகளப் பயிற்சியாளர்களே, உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் நண்பர்களே, கணவனும் மனைவியுமாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்குவது முறையாகாது. குழந்தையின்மை என்று உச்சரிக்கவே கூசுகிற அவைகளில், ‘விந்துப் பரிசோதனை’ என்பதை ஒலிபெருக்கியில் உரக்கச் சொன்னவர் அவர். அழைப்பிதழில் தம் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தலைப்பைப் போடச் சொன்னவரும் அவரே. அம்மையார் அறுவை அரங்கிலிருந்து நேரே மேடைக்கு வந்திருக்கிறார்கள். இருவருக்கும் இந்த அவையின் சார்பில் நன்றி.

கடும் உடற்பயிற்சியும் கருத்தரிப்பும் என்பது தலைப்பு. நான்கு செய்திகள் சொல்ல வேண்டும்: பெண்ணின் மாதச் சுழற்சி, ஆணின் விந்து, சிகிச்சையில் இருப்போர், தூக்கம். நான்குக்கும் ஒரே பழமொழி போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுவோம். உடற்பயிற்சி கருவுக்குப் பகை அல்ல. டென்மார்க்கில் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 3,600-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மிதமாகப் பயிற்சி செய்தவர்கள் சற்று விரைவாகவே கருத்தரித்தார்கள். தாமதம் யாருக்கு? எடை அளவாக இருந்தும், வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ கடும் பயிற்சி செய்த பெண்களுக்கு. கடும் பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், மாதந்தோறும் அவர்களுக்கு இருந்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எடை கூடிய பெண்களிடம் இந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே, கருமுட்டை ஒழுங்காக வெளிவராத பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு உள்ள, எடை கூடிய தங்கை தயங்காமல் ஓடட்டும். எடையில் 5 முதல் 10 விழுக்காடு இறங்கினாலே பலருக்குக் கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்குகிறது.

அளவான எடை உள்ள பெண்ணுக்கு ஏன் இப்படி? இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும், சற்று விரிவாகவே சொல்கிறேன். 1985-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு. 28 கல்லூரிப் பெண்கள். யாரும் ஓட்டப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அத்தனை பேருக்கும் கருமுட்டை ஒழுங்காக வெளியாகிறது என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டார்கள். பிறகு ஓடச் சொன்னார்கள். தொடக்கத்தில் நாளுக்கு 6 கிலோமீட்டர் சொச்சம். படிப்படியாகக் கூட்டி ஐந்தாவது வாரத்தில் நாளுக்கு 16 கிலோமீட்டர்! அது போதாதென்று தினமும் மூன்றரை மணி நேரம் விளையாட்டு வேறு. ஒரு குழுவை எடை குறையவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு எடை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகள் கழிந்தன. 28 பேரில் எத்தனை பேருக்குச் சுழற்சி பழையபடி இருந்தது தெரியுமா? நான்கே பேர்! எடை குறைந்தவர்களிடம் மாதவிடாய் தள்ளிப்போனதும், கருமுட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சியே காணாமல் போனதும் அதிகம். எடை குறையாதவர்களும் தப்பவில்லை. அவர்களில் பலருக்குக் கருமுட்டை வெளியான பிறகு வரும், சுழற்சியின் பின்பாதி பழுதானது. பயிற்சியை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் அத்தனை பேருக்கும் சுழற்சி சீரானது. இந்தக் கடைசி வரியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், தாய்மார்களே. பயிற்சியால் வந்த தடை பெரும்பாலும் விலகக் கூடியது.

செலவாகும் கலோரிக்கு ஈடாக உள்ளே போகாவிட்டால், ஹார்மோன்களை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞைகளின் வேகம் தளர்கிறது. எல்.எச். குறைகிறது, முட்டை முதிர்வதில்லை. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு நாளில் உண்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழியுங்கள். மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுங்கள். கிலோவுக்கு 45 கலோரியை ஒட்டி இருந்தால் நலம். 30-க்குக் கீழே போனால் எல்.எச். துடிப்பு தடுமாறுவது ஆய்வில் கண்டது. 55 கிலோ எடையில் 11 கிலோ கொழுப்பு என்றால் மீதி 44. அந்தப் பெண் 1,800 கலோரி உண்டு, 600 கலோரிக்கு ஓடினால் மிஞ்சுவது 1,200. வகுத்தால் 27 சொச்சம். உண்பதில் குறை இருப்பதாக அவருக்கே தோன்றாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்காகத்தான்.

மாதவிடாய் வருகிறதே, பிறகென்ன என்று இருந்துவிடாதீர்கள். சுழற்சி 35 நாளைத் தாண்டுவதும், எல்.எச். எழுச்சியைச் சிறுநீரில் கண்டறியும் பட்டை நேர்மறை காட்டி 10 நாளுக்குள் மாதவிடாய் வந்துவிடுவதும் எச்சரிக்கை. மூன்று மாதம் வராமலே இருந்தால் கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் எல்லாம் பார்த்தாக வேண்டும். கருமுட்டை வெளியான பின் கூடும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான பரிசோதனையை எல்லாருக்கும் 21-ஆம் நாளில் எடுப்பது தவறு; அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும். 35 நாள் சுழற்சி என்றால் 28-ஆம் நாள். தப்பான நாளில் எடுத்து, முட்டை வெளியாகவில்லை என்று அழுதவர்கள் உண்டு. பயிற்சியை ஒரேயடியாக விட வேண்டாம். வாரம் ஆறு நாள் கடுமையாக ஓடுபவர் கடும் நாளை இரண்டாக்கி, மற்ற நாட்களில் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்துக்கு வரட்டும். உணவைக் கூட்டட்டும். வெறும் வயிற்றில் ஓடுவதை நிறுத்தட்டும்.

இனி ஆண்களே, உங்களிடம் வருகிறேன். இத்தனை சோதனையும் மனைவிக்கு மட்டுமா? குழந்தையின்மைத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆனாலும் மனைவி ஓடுவதை நிறுத்தி, எடை கூட்டி, ஊசி போட்டு, கடைசியில்தான் கணவர் பரிசோதனைக்குப் போகிறார். இது அநீதி! முதல் வாரத்திலேயே இருவரும் சோதியுங்கள் என்பதே நம் இயக்கத்தின் ஒற்றைக் கோரிக்கை.

உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணுவைப் பெருக்கும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். நேர்மாறு. உலக சுகாதார நிறுவனம் அதை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. 1990-இல் வந்த முடிவில், வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்! வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரையை இயக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்துகிறது. விரை உற்பத்தியை நிறுத்துகிறது. ஊசியை விட்டாலும் மீள மாதக்கணக்காகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். மீட்புக்கு மருத்துவர் தேவை. கூடத்தில் பக்கத்தில் எடை தூக்குபவரின் யோசனை போதாது. வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதிப்போரிடம் எண்ணிக்கை குறைந்திருந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. சூடான தொட்டிக் குளியலையும் தவிருங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். இன்று திருத்திக்கொண்டதன் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும். ஆகவே தாமதிக்காதீர்கள். அளந்து போடு என்பது ஆணுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

மூன்றாவது செய்தியை ஒரு வரியில் முடிக்கிறேன். ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக ஊசி போட்டுச் சினைப்பை வீங்கியிருக்கும்போது ஓட்டம், குதி, பளு வேண்டாம். சினைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. தூக்கத்தை எனக்குப் பின் பேச வரும் மருத்துவரிடம் விட்டுவிடுகிறேன். மணியடித்துவிட்டார் செயலாளர்.

நண்பர்களே, வாசலில் பரிசோதனைக்கான பதிவுப் படிவம் இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து வாருங்கள். முதல் துளிகளைத் தவறவிட்டால் சொல்லிவிடுங்கள், அவற்றில்தான் அணுக்கள் அதிகம். சாதாரண ஆணுறையும் வழவழப்புக் களிம்பும் கூடாது. வீட்டில் எடுத்தால், உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் படிவத்தில் எழுதுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த கீழ் எல்லை. அதற்குக் கீழே வந்தால் மனம் உடையாமல் மறுபடி ஒரு முறை சோதியுங்கள். உடற்பயிற்சிக் கூட உரிமையாளர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் எச்சரிக்கைப் பலகை தனியே வைத்திருக்கிறோம், கையெழுத்திட்டு வாங்கிச் செல்லுங்கள். கணவர்கள் முதலில் வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.