மிதியா? விதியா? விதியே!

நடுவர் ஐயாவுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் டெல்லித் தமிழர்களுக்கும் வணக்கம். ‘டெல்லி சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை அதிகம் வாட்டுவது மிதியா, விதியா?’ இதுதான் தலைப்பு. நான் விதியின் பக்கம். பிரம்மா தலையில் எழுதும் விதி இல்லை ஐயா; ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் விதி.

எதிரணி அக்கா உருக்கமாகப் பேசினார். கியர் கிடையாது, வண்டியே ஏறத்தாழ 80 கிலோ, மேலே இரண்டு பேர், மே மாத வெயில், மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அத்தனையும் நிஜம், ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் அக்கா, நம் பிள்ளைகள் டியூஷனுக்கே கியர் சைக்கிளில் போகிறார்கள். ரிக்‌ஷாவுக்கு மட்டும் ஏன் கியர் வரவில்லை?

வண்டி பெரும்பாலும் ஓட்டுகிறவருடையது இல்லை. பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்து இறங்குகிறவர், ஒரு மாலிக்கிடம், அதாவது வண்டி முதலாளியிடம், நாள் வாடகைக்கு எடுக்கிறார். அடுத்தவர் வண்டிக்கு அவர் ஏன் செலவு செய்யப் போகிறார்? சரி, மாலிக் செய்யலாமே? நாளைக்கே பிடித்துக்கொண்டு போய்ப் பழைய இரும்பாக நசுக்கிவிடக்கூடிய வண்டிக்கு யார் கியர் மாட்டுவார்கள்? மிதி கனத்ததே விதியால்தான்!

அந்த விதியைக் கேளுங்கள். 99,000 ரிக்‌ஷாவுக்குத்தான் லைசென்ஸ் என்று வரம்பு வைத்தார்கள். ஊரில் ஓடியதோ பல லட்சம். அதாவது காலையில் வண்டியை எடுக்கும்போதே பெரும்பாலானவர் குற்றவாளி. அப்புறம் இன்னொன்று: யார் பேரில் வண்டியோ அவரேதான் ஓட்ட வேண்டும். வாடகை முதலாளியை ஒழிக்கும் நல்லெண்ணம் என்றுதான் தோன்றும். ஆனால் கோதுமை அறுவடைக்கு ஊருக்குப் போகிறவர், அந்த ஒரு மாதம் வண்டியைத் தம்பியிடம் கொடுத்தாலும் தப்பு. மானுஷி சங்கதன் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு விதிகளையும் செல்லாது என்றது; 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வழக்கு கால் வலியைப் பற்றியது அல்ல என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சாபிலும் 1975-இல் ‘ஓட்டுகிறவருக்கே லைசென்ஸ்’ என்று ஒரு சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் என்ன செய்தார் தெரியுமா? ஓட்டுகிறவர் சொந்த வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கையில் காசில்லாதவரிடம் ‘நீயே சொந்தக்காரனாக இரு’ என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

‘மனிதனை மனிதன் இழுப்பது அவமானம், நம் ஊரில் 1973-லேயே ஒழித்துவிட்டோம்’ என்றார் அக்கா. ஒழித்தது கைரிக்‌ஷாவை. எப்படி ஒழித்தார்கள்? கலைஞர் ஆட்சியில் கைரிக்‌ஷாவை வாங்கிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தார்கள். ஒரு கையால் வாங்கி, மறு கையால் கொடுத்தார்கள். டெல்லியில் வாங்கும் கை மட்டும்தான் நீண்டது.

‘அதான் பேட்டரி ரிக்‌ஷா வந்துவிட்டதே’ என்றும் கேட்டார்கள். வந்துவிட்டது, நானும் ஏறுகிறேன். ஆனால் அதை வாங்க லட்சத்துக்கு மேல் வேண்டும், ஓட்ட லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு முகவரிச் சான்று வேண்டும். வண்டியிலேயே படுத்துத் தூங்குகிறவர் எந்த முகவரியைக் கொடுப்பார்?

போன வருடம் எங்கள் மெட்ரோ வாசலில் ஒரு காவலர் வரிசையாக நின்ற ரிக்‌ஷாக்களின் காற்றைப் பிடுங்கிக்கொண்டே போனார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, அந்தக் கோபம்தான் எனக்கு. கடைசி வண்டிக்காரர், அறுபது வயது இருக்கும், எதுவும் பேசவில்லை. சீட்டைத் தூக்கிப் பம்பை எடுத்தார். பம்ப் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்குமாம். பங்சருக்காக இல்லை, இதற்காக!

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் நசுக்கிய அன்றைக்கு, அந்த மனிதர் எதை அக்கா மிதித்தார்?