நான்கு பேர், நான்கு தடம்: பீட்டில்ஸ் ஒலிப்பதிவில் செய்தது என்ன?

அவையோருக்கு வணக்கம்.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வர் சேர்ந்த இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் ரசிகர்களின் கூச்சல்தான் பலருக்கு நினைவு வரும். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர்களை மேடையை விட்டு இறக்கியதில் அந்தக் கூச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 55,600 பேர். கிடாருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர். பாடுகிறவர் காதுக்கு அவர் குரலையே திருப்பித் தரும் மானிட்டர் ஸ்பீக்கர் அன்று மேடையில் கிடையாது. தன் சுருதி தனக்கே கேட்காமல் மூன்று பேர் எப்படிச் சேர்ந்து பாடுவது? ரிங்கோ ஸ்டார் மற்றவர்களின் உடலசைவைப் பார்த்துத்தான், பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று கணித்து டிரம் வாசித்தார். 1966 ஆகஸ்ட் 29, சான்பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க் நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

இனி அவர்கள் பாட்டுகளைப் பதிந்த லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் போவோம். அங்கே இருந்தது நான்கு தட எந்திரம்: ஓர் அங்குல டேப்பில் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியலாம். ஐந்தாவது வேண்டுமென்றால்? நான்கையும் கலந்து, இன்னோர் எந்திரத்தின் ஒன்றிரண்டு தடங்களில் இறக்க வேண்டும். மிச்சத் தடங்கள் காலியாகும். இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும், மேல் ஒலிகள் மங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், டிரம்மும் பேஸ் கிடாரும் ஒருமுறை கலந்துவிட்டால் பேஸை மட்டும் தூக்கிவிட முடியாது. இன்னும் பதியாத குரலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் காது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஜான் லெனனுக்கு ஒரே வரியை இரண்டு முறை பாடிக் குரலைத் தடிப்பாக்குவது அலுப்பு. 1966-இல் பொறியாளர் கென் டவுன்செண்ட் அதற்கு ஒரு வழி கண்டார். குரலை, டேப்பில் ஒலியைப் பதியும் பாகமான பதிவுத் தலையிலிருந்தே சற்று முன்னதாக எடுத்து இரண்டாவது எந்திரத்துக்கு அனுப்பினார். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மூலக் குரலுக்கு நூலிழை தள்ளி நகல் விழும்படி செய்தார். அதிகம் தள்ளினால் எதிரொலி ஆகிவிடும்; துல்லியமாகப் பொருந்தினால் இரண்டாவது குரலே தெரியாது. இன்று கைபேசிச் செயலியில் 'டபுளர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதன் பாட்டன் இதுதான்.

அதே ஆண்டில் பதிவான 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டை எப்போது கேட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. லெனனுக்கு 7-ஆவது பதிவின் தொடக்கம் பிடித்தது; ஆர்க்கெஸ்ட்ராக் கருவிகள் சேர்ந்த 26-ஆவது பதிவின் பிற்பகுதியும் பிடித்தது. இரண்டையும் ஒட்டச் சொன்னார். இரண்டுக்கும் சுருதி வேறு, காலப்பிரமாணம் வேறு. டேப்பில் இவை இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நல்வாய்ப்பாக, வேகமான பதிவே சுருதியிலும் உயரமாக இருந்தது. ஆகவே ஒன்றைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மற்றதை மெதுவாக்கி, டேப்பை வெட்டி ஒட்டினார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. அதற்குப் பிறகு லெனனின் குரல் கனத்து, மயக்கத்தில் பாடுவதுபோல ஒலிப்பதற்கு இந்த வேகக் குறைப்பே காரணம்.

நம் சிதாரும் அவர்களைச் சோதித்தது. 1965 அக்டோபரில் ஜார்ஜ் ஹாரிசன் அதை வாசித்தபோது, ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் முள் திடீர் திடீரென்று எகிறியது. ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கருவியைப் போட்டு அடக்கினால் நாதம் கெடும். பொறியாளர் நார்மன் ஸ்மித்துக்கு அது பெரிய தலைவலி.

அன்று பிரிக்க முடியாமல் கலந்தவற்றை இன்று கணினி பிரிக்கிறது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் இயந்திரக் கற்றல் முறையால், 'ரிவால்வர்' தொகுப்பில் ஒரே தடத்தில் சிக்கியிருந்த கருவிகளைத் தனித்தனியாக எடுத்து 2022-இல் மறுகலவை செய்தார்கள். லெனன் 1970-களின் இறுதியில் வீட்டில் கேசட்டில் பாடிவைத்த ஒரு பாட்டில் பியானோ குரலை அமுக்கிக்கொண்டிருந்தது. 1995-இல் மற்ற மூவரும் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். பின்னர் அந்தக் குரலை மட்டும் தனியே எடுத்தார்கள். 1995-இல் ஹாரிசன் வாசித்து வைத்த கிடாரோடு, பால் மெக்கார்ட்னியும் ரிங்கோவும் புதிதாக வாசித்துச் சேர்க்க, 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளிவந்தது. லெனன் மறைந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகப்போயிருந்தன.